முதலிடத்தில் ஒரு ஸ்பூன்

டோக்கன் முப்பத்தேழு. உள்ளே போயிருப்பது பத்தொன்பது. நடுவில் பதினேழு பெற்றோர், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால்கூட ஒன்றரை மணி நேரம், மேரி ஸ்டெல்லா மிஸ்ஸுக்கு யாராவது ஊர்க்காரர் அமைந்துவிட்டால் அதற்கும் மேல். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு வெளியே வராந்தாவில் போட்டிருந்த பெஞ்சில் அமலதாஸ் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தான் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். பெஞ்சு நுனியில் பாதி உடம்பை வைத்துக்கொண்டு, இதோ எழுந்து ஓடப்போகிறவன் மாதிரி இருந்தான். எங்கே ஓடுவது என்பதுதான் தெரியவில்லை. போனைத் திறந்து தேடுபொறியில் அந்த ஏழு வார்த்தைகளை மறுபடியும் தட்டினான். ஒரு வயது குழந்தை காய்ச்சல் சொட்டு மருந்து அளவு. வட்டம் சுற்றியது, நின்றது. எல்லாவற்றுக்கும் மேலே, கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் அவனுடைய வரி வந்து நின்றது. ஒரு வயதுக் குழந்தைக்கு ஒரு ஸ்பூன். அதற்குக் கீழே சின்னதாக அவனுடைய இணையதளத்தின் பெயர், பிஞ்சு நலம். மாறவில்லை. பள்ளிக்கூட கேட்டில் வண்டியை நிறுத்திய கையோடு ஒன்பதே முக்காலுக்கே பக்கத்தைத் திருத்திவிட்டான். திருத்தியதை வந்து படித்துக்கொள் என்று தேடுபொறிக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டான். அதுவும் பெற்றுக்கொண்டோம், சில மணி நேரம் ஆகலாம், சில நாட்களும் ஆகலாம் என்று பதில் சொல்லிவிட்டது. சில நாட்கள். சொட்டு மருந்துக்கு ஸ்பூன் கணக்கே கிடையாது. அது வீரியம் கூடிய மருந்து, கூடவே வரும் சின்னக் குழாயில் கோடு போட்டிருக்கும், அந்தக் கோடுதான் அளவு. ஸ்பூன் என்பது சிரப்புக்கு. சொட்டு மருந்தை ஒரு ஸ்பூன் ஊற்றினால் பச்சைக் குழந்தைக்கு அது பல மடங்கு. இது தெரியாதவனா அமலதாஸ்? டி.ஃபார்ம் படித்தவன், பாலக்கரையில் மருந்துக் கடை கவுன்ட்டரில் பதினோரு வருடம் கால் கடுக்க நின்றவன். தெரிந்தவன் செய்த தப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் மனைவி ஜெனிட்டா கறியை அடுப்பில் ஏற்றிவிட்டு, சின்ன வெங்காயத்தை உரித்துக் கொடுங்கள் என்று முறத்தை அவன் முன்னால் வைத்தாள். அவன் முறத்தைத் தள்ளிவிட்டு லேப்டாப்பைத் திறந்தான். ஊரெல்லாம் காய்ச்சல். ஜனங்கள் எதையெதைத் தேடுகிறார்கள் என்ற பட்டியலில் குழந்தைக் காய்ச்சல் மளமளவென்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவனுடைய சிரப் பக்கமோ இரண்டாம் இடத்தில், இரண்டு மாதமாக இரண்டாம் இடத்தில், நகர மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. ஏன் என்று பார்த்தான். யாரும் சிரப் என்று தேடவில்லை, சொட்டு மருந்து என்று தேடினார்கள். நம் ஊரில் குழந்தை வாயில் ஊற்றும் எல்லாவற்றுக்கும் சொட்டு மருந்து என்றுதானே பெயர். இந்தத் தொழிலில் முதல் பாடமே இதுதான்: நீ எப்படிச் சொல்வாய் என்று யாருக்கும் கவலை இல்லை, அவர்கள் எப்படிக் கேட்கிறார்களோ அப்படியே தலைப்பு வை, கேள்வியை முதல் வரியில் வை, பதிலை அடுத்த வரியில் நறுக்கென்று வை, கட்டம் உனக்குத்தான். தலைப்பை மாற்றினான். கேள்வியை மாற்றினான். அந்த இரண்டிலும் சிரப் இருந்த இடத்திலெல்லாம் சொட்டு மருந்து. பதிலைத் தொடவில்லை. நன்றாக இருக்கிற பதிலை எதற்குத் தொட வேண்டும், குழந்தை மருத்துவர் ஒருவர் சரிபார்த்துக் கொடுத்து ஏழு வருடமாக நிற்கும் பதில். நாலாவது பத்தியில் பெரிய அட்டவணை வேறு இருக்கிறது, சொட்டு மருந்து வேறு, சிரப் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று சிவப்பு எழுத்தில் அவனே போட்டது. யார் நாலாவது பத்திக்குப் போகிறார்கள்? உரிச்சாச்சா என்று அடுப்படியிலிருந்து ஜெனிட்டா கேட்டாள். அஞ்சு நிமிஷம் என்றான். அந்த ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் மரியாதையாக வெங்காயத்தை உரித்திருக்கலாம், கண்ணெரிச்சலோடு போயிருக்கும். புதன்கிழமை காலையில் முதலிடம். முதலிடம் மட்டுமா, கட்டமும் சேர்ந்து. தலைகால் புரியாமல் மெயின்கார்டு கேட் வரை வண்டியை விரட்டிப் போய் அரைக்கிலோ ஜாங்கிரி வாங்கிவந்தான். ஜாங்கிரி, ஆண்டவரே, ஜாங்கிரி. அவன் ஜாங்கிரியைப் பிட்டு வாயில் போட்ட நேரத்தில் எந்த வீட்டில் யார் ஸ்பூனைக் கழுவிக்கொண்டிருந்தார்களோ.

"அப்பா, போனை உள்ள வைங்கப்பா. மிஸ் ஜன்னல் வழியா பாத்துட்டே இருக்காங்க." ஜோவிட்டா. எப்போது வந்து பக்கத்தில் நின்றாள்? இரட்டைச் சடை, சட்டைப் பையில் ஐடி கார்டைச் செருகியிருந்தாள், கையில் மாங்காய்த் துண்டு. "வச்சிர்றேன்டா" என்றான். வைக்கவில்லை. "உங்களுக்கு ஏன்ப்பா இப்படி வேர்க்குது?" என்று கேட்டாள் அவள். ஃபேன் ஓடலைல்ல என்றான், தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, அவள் ஃபேனை ஒரு தடவையும் அப்பாவை ஒரு தடவையும் பார்த்துவிட்டுத் தோழிகளிடம் போய்விட்டாள். இவளுக்கு ஒரு வயதில் காய்ச்சல் வந்தபோது எவ்வளவு கொடுத்தோம்? சிரப், முக்கால் ஸ்பூன், மீதியைத் துப்பிவிட்டாள். கடையிலிருந்து ராத்திரி வந்து அவனே அளந்து கொடுத்தது. கடை. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் யாராவது வந்து, புள்ளைக்குக் காச்சல், எவ்வளவு குடுக்கலாம் என்றால் அமலதாஸ் ஒருநாளும் உடனே பதில் சொன்னதில்லை. எத்தனை மாசம்? எத்தனை கிலோ? வீட்ல எந்த பாட்டில் இருக்கு, கொண்டாந்து காட்டுங்க. முதலாளி எரிச்சல்படுவார், வந்த ஆளைத் திருப்பி அனுப்புறியே என்று. திருப்பித்தான் அனுப்புவான். பாட்டிலோடு வருவார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். கேட்ட கேள்விக்குப் பதில் கேள்வி கேட்பவன் என்றுதான் அந்தத் தெருவில் அவனுக்குப் பெயர். தளத்தைத் தொடங்கியதே அதற்குத்தான், கவுன்ட்டருக்கு வர முடியாதவர்களுக்கும் சொல்லலாம் என்று. தளம் திருப்பிக் கேட்காது என்பது அவனுக்கு ஏழு வருடமாக உறைக்கவே இல்லை. அது கேட்டதற்குச் சொல்லும், எந்த பாட்டில் என்று கேட்காது, சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கும் அதையே சொல்லும். இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறது. திறந்தான், தட்டினான், வட்டம், கட்டம். ஒரு ஸ்பூன்.

நஸ்ரீன் சொல்வாள், அண்ணா, தேடலையே கட்டிக்கிட்டு அழாதீங்க, இனிமே எல்லாம் சோஷியல் மீடியாதான். சென்னையிலிருந்து தளத்துக்குப் படக் கார்டுகளும் குட்டி வீடியோக்களும் செய்து கொடுக்கிற பெண், கெட்டிக்காரி, சிரித்துக்கொண்டே சண்டை போடுவாள். அவன் விடுவானா? வாய் கிழியப் பேசுவான். சோஷியல்ல வர்றவன் யாரும்மா? பஸ்ல போரடிக்குதுன்னு வர்றவன். கட்டைவிரலால தள்ளிக்கிட்டே வந்து, நம்ம படத்துல ஒரு நிமிஷம் நின்னு, ஒரு ஹார்ட்டைப் போட்டுட்டுப் போயிருவான். தேடி வர்றவன் அப்படி இல்ல. அவனுக்குத் தேவை இருக்கு. புள்ளை மடியில அனலாக் கொதிக்கும்போது தேடுறான். நாம சொல்றதைச் செய்வான். அவன்தான் வாசகன். சொல்றதைச் செய்வான். இதைப் போன மாதம் ஒரு பயிற்சிக் கூட்டத்தில்கூட மைக்கைப் பிடித்துக்கொண்டு பெருமையாகச் சொன்னான், கைதட்டினார்கள். சொல்றதைச் செய்வான், சொல்றதைச் செய்வான். அந்த வாக்கியம் இப்போது மண்டைக்குள் பல்லியைப் போல ஓடிக்கொண்டிருந்தது, விரட்டினால் வேறு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்து பார்த்தது. சோஷியல் பக்கத்துக் கமெண்டுகளை அவன் படிப்பதே இல்லை, அது நஸ்ரீன் பேட்டை என்று ஒரு திமிர். இன்று, சனிக்கிழமை காலையில் வண்டியை நிறுத்தும்போது அவளிடமிருந்து செய்தி வந்தது. அண்ணா, சொட்டு மருந்து கார்டு அறுநூறு ஷேர், இப்பவாவது ஒத்துக்கோங்க. முதலிடம் பிடித்த பக்கமாயிற்றே என்று அந்த வரியையே எடுத்து மஞ்சள் பின்னணியில் கார்டு செய்து வியாழக்கிழமை போட்டிருக்கிறாள். இளக்காரமாகத்தான் திறந்தான். முதல் கமெண்ட், சிவகாமி என்று ஒரு அம்மா, ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் என்று பெயருக்குக் கீழே போட்டிருந்தது. ஒரு ஸ்பூனா? சொட்டு மருந்தா? தம்பி, சரியாப் பாருங்க, இது தப்பு. வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. அதற்குக் கீழே எவனோ சிரிக்கிற பொம்மை போட்டிருந்தான், இன்னொருவன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று கிண்டலடித்திருந்தான். இரண்டு இரவு, ஒரு முழுப் பகல் அது அங்கேயே கிடந்திருக்கிறது. ஹார்ட் போடுகிறவன் என்று இவன் கேலி செய்த இடத்தில் ஒருத்தி நின்று படித்துவிட்டுத் தப்பு என்று சொல்லியிருக்கிறாள். தேவையோடு தேடி வந்தவர்களில் ஒரு ஆள்கூட வாயைத் திறக்கவில்லை.

எத்தனை பேர்? பார்க்காமல் இருக்கலாம் என்று நினைத்தான், விரல் அதற்குள் தளத்தின் வருகைக் கணக்கைத் திறந்துவிட்டது. புதன்கிழமையிலிருந்து தேடல் வழியாக உள்ளே வந்தவர்கள் நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். உள்ளே வந்தவர்களாவது பரவாயில்லை, அவர்களில் பாதிப் பேராவது கீழே இறங்கிச் சிவப்பு எழுத்தைப் பார்த்திருப்பார்கள், பார்த்திருக்க வேண்டும், அந்தோணியாரே, பார்த்திருக்கட்டும். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் இன்னொரு எண். தேடலில் அந்த வரி காட்டப்பட்டது முப்பத்தோராயிரம் தடவை. அப்படியென்றால் மிச்சம் பேர் வாசலிலேயே பதிலை வாங்கிக்கொண்டு, தளத்துக்குள் காலே வைக்காமல் போய்விட்டவர்கள். இவர்களை எத்தனை தடவை திட்டியிருக்கிறான். நம்ம உழைப்பை வாசல்லயே வழிச்சுத் தின்னுட்டுப் போறானுங்க, உள்ள வந்தா என்னவாம் என்று. இப்போது அவர்கள் முகம் தெரியாமல் முப்பத்தோராயிரமாக இருட்டில் நின்றார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, கூப்பிட்டுச் சொல்ல நம்பர் கிடையாது. ஒருவர்தான் பத்துத் தடவை தேடியிருப்பார், மாணவர்கள் தேடியிருப்பார்கள், சும்மா தேடியிருப்பார்கள், எல்லாருடைய வீட்டிலும் சொட்டு மருந்து பாட்டிலா இருக்கும், முக்கால்வாசி வீட்டில் சிரப்தான் இருக்கும், சிரப் என்றால் ஸ்பூன் சரிதான், ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது. அப்படியே சொல்லிச் சொல்லி எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தான். பாதியாக்கினான், நூறாக்கினான், பத்தாக்கினான். ஒன்றுக்குக் கீழே குறைய மாட்டேன் என்றது. இந்த நிமிடம் தளத்தில் இருப்பவர்கள் என்ற இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி, அதன் பக்கத்தில் ஊர்ப் பெயர், துறையூர். யாரோ ஒருவர் துறையூரில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறார். அமலதாஸ் போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே போங்க, கீழே போங்க, இப்பத் திருத்திட்டேன், கீழே போய்ப் படிங்க என்று உதட்டை அசைத்தான். பெஞ்சில் அடுத்து உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். புள்ளி அணைந்தது.

போன் அதிர்ந்தது. நஸ்ரீன். தப்பைச் சொல்லிக் கார்டை எடுக்கச் சொல்லிக் காலையிலேயே அவளுக்கு எழுதியிருந்தான், எழுந்து மாடிப்படி ஓரமாகப் போனான். "அண்ணா, கார்டைத் தூக்கிட்டேன். ஆனா நிறைய பேர் படத்தை டவுன்லோடு பண்ணி ஃபேமிலி குரூப்ல அனுப்பியிருக்காங்க போல. அதை நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது." எனக்கும் ஒண்ணும் முடியலம்மா என்றான். கட்டம் மாறலை. மறுபடி மறுபடி பாக்குறேன், மாறலை. நான் ஒரு பதிவு போடப் போறேன், நம்ம பக்கத்துல, தப்புன்னு. "அண்ணா, பொறுமையா கேளுங்க. பேஜைத் திருத்திட்டீங்க. கார்டு இல்ல. யாரும் கவனிக்கல, அந்த ஒரு அம்மாவைத் தவிர. நாமளே போய் ஊரைக் கூட்டிச் சொன்னா ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டுக் கிழிச்சுடுவாங்க. குழந்தைங்க விஷயம்ணா. கேஸ்கூட ஆகலாம். ஏழு வருஷம்ணா." அழுதுவிடுவாள் போலிருந்தது. மஞ்சள் கார்டு அவள் கை வேலை. அவளுக்கும் பயம்தான், பாவம், இருபத்தாறு வயது. யோசிக்கிறேன்மா என்று வைத்துவிட்டான். கேஸ். அந்த வார்த்தை காலையிலிருந்து ஒருதடவைகூட அவனுக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. சிவகாமி அம்மாவின் கமெண்டைப் படித்த மறுநொடி, எந்தக் குழந்தை முகமும் வருவதற்கு முன்னால், போலீஸ் ஜீப்பும், ஜோவிட்டாவின் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பும், ஜெனிட்டா வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் பேச்சு நின்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பதும்தான் வந்தது. குழந்தை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசையை நினைக்க நினைக்க அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பேசாமல் இருந்துவிட்டால் என்ன? சில மணி நேரத்தில் கட்டம் மாறிவிடும். அதற்கப்புறம் தப்பு நடந்ததற்கு அடையாளமே இருக்காது. அடையாளம் எங்கே இருக்கும் என்றால் ஏதாவது ஒரு வீட்டில் மட்டும் இருக்கும்.

திரும்பி வந்தபோது அவன் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், மடியில் கைக்குழந்தை. மூக்கு ஒழுகியிருந்தது, கன்னம் சிவந்திருந்தது, கண் பாதி மூடியிருந்தது. பெரிய குழந்தைக்காக வந்திருப்பாள். அமலதாஸ் நின்ற இடத்திலேயே நின்றான். கேட்கக்கூடாது, முன்பின் தெரியாத பெண். "எத்தனை மாசம்மா?" கேட்டுவிட்டான். அவள் நிமிர்ந்து பார்த்து, "பத்து மாசம் சார்" என்றாள். காய்ச்சலா? "நேத்துலேர்ந்து லேசா இருக்கு." மருந்து குடுத்தீங்களா? "குடுத்தேன் சார்." எது, எந்த பாட்டில், சிரப்பா சொட்டு மருந்தா? அவள் முந்தானையை இழுத்துக் குழந்தையின் தலையை மூடிக்கொண்டாள். "சொட்டு மருந்துதான். ஏன் சார் கேக்குறீங்க?" காது அடைத்துக்கொண்டது அமலதாஸுக்கு. வராந்தாவில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் எங்கேயோ கிணற்றுக்குள் கேட்டது. எவ்வளவு குடுத்தீங்க என்றான், குரல் அவனுடையதாக இல்லை. அவள் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள். "இந்தோ, இவ்ளோதான். குழாய்ல ரெண்டாவது கோடு வரைக்கும். டாக்டரம்மா கோடு போட்டுக் குடுத்தாங்க." சரிம்மா, சரி, அதுதான் சரி என்றான். நான் மெடிக்கல் ஷாப்ல இருந்தவன், அதான் கேட்டேன், தப்பா நெனைச்சுக்காதீங்க. அவள் தப்பாகத்தான் நினைத்தாள், எழுந்து எதிர் பெஞ்சுக்குப் போய்விட்டாள். போகட்டும். கேட்டாயிற்று. ஒரு வாயைத் திறந்து கேட்டால் ஒரு குழந்தை இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருகிறது. முப்பத்தோராயிரம் வாசலில் போய் எப்படிக் கேட்பது?

"முப்பத்தேழு!" ஜோவிட்டா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துப் போனாள். மேரி ஸ்டெல்லா மிஸ் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, உக்காருங்க சார் என்றார். மேஜையில் கணக்கு விடைத்தாள் விரித்திருந்தது, சிவப்பு மை. சிவப்பு எழுத்து நாலாவது பத்தியில் அல்லவா இருக்கிறது. "புள்ள நல்லாத்தான் படிக்கிறா சார். ஆனா ஒரே ஒரு கோளாறு. இங்க பாருங்க. கேள்வியைத் தப்பா எடுத்து எழுதிட்டா. வட்டத்துக்குப் பரப்பு கேட்டிருக்கு, இவ கோளம்னு எடுத்துக்கிட்டா. அப்புறம் கோளத்துக்கு ஒரு தப்பு இல்லாம அழகாப் போட்டிருக்கா. விடை சரி, கேள்வி வேற. நான் என்ன மார்க் போடுறது?" அமலதாஸ் விடைத்தாளைப் பார்த்தான். அழகான கையெழுத்து, ஒவ்வொரு வரியும் நேராக, கடைசியில் விடைக்கு அடியில் இரண்டு கோடு. ஜோவிட்டா தலையைக் குனிந்துகொண்டு, சாரி மிஸ், அடுத்த தடவை கேள்வியை ரெண்டு வாட்டி படிக்கிறேன் என்றாள். "பரீச்சையில தப்பு போட்டா ரெண்டு மார்க்கோட போச்சு. வெளியில அப்படியா?" என்றார் மிஸ், எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதைத்தான் சொன்னார். "தப்புன்னு தெரிஞ்சா உடனே வந்து சொல்லிரணும், என்ன?" சரி மிஸ் என்றாள் ஜோவிட்டா. சரி மிஸ் என்றான் அமலதாஸ். மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார், சார், உடம்பு ஏதும் சரியில்லையா என்று கேட்டார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். பேனா வழுக்கியது, வேர்வை.

வெளியே வந்து, கைகழுவும் குழாய்க்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான். நஸ்ரீன் எப்போதோ போனில் ஏற்றிக் கொடுத்த தளத்தின் சோஷியல் கணக்கைத் திறந்தான். இதில் அவன் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை, அவனுடைய முகம் இங்கே யாருக்கும் தெரியாது. நம் குழுவினர் என்று எழுதலாமா, தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதலாமா என்று விரல் தயங்கியது. கோளாறு என்று பாதி தட்டிவிட்டு அழித்தான். என் பெயர் அமலதாஸ், திருச்சி. போன ஞாயிற்றுக்கிழமை முதல் எங்கள் தளத்திலும், பிறகு கார்டிலும் சொட்டு மருந்து ஒரு ஸ்பூன் என்று வந்தது தப்பு. தப்பு என்னுடையது. சொட்டு மருந்துக்கு ஸ்பூன் கிடையாது. அதைப் பார்த்துக் கொடுத்திருந்தால் குழந்தை எப்படி இருந்தாலும் பாட்டிலை எடுத்துக்கொண்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் கார்டை யாருக்கு அனுப்பினீர்களோ அவர்களுக்கெல்லாம் இதையும் அனுப்புங்கள். கீழே தன்னுடைய போன் நம்பரைப் போட்டான். போட்டுவிட்டு ஒருதடவை படித்தான், மிஸ் சொன்னாரே என்று இரண்டாம் தடவையும் படித்தான். பொத்தானை அழுத்தினான். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் திபுதிபுவென்று வந்தார்கள். நீயெல்லாம் மனுஷனா. இவனைப் பிடிச்சு உள்ள போடுங்க. படிக்காத நாயெல்லாம் வைத்தியம் சொன்னா இப்படித்தான். ஷேர் நாற்பது, நூற்றுப்பத்து, முந்நூறு. திட்டிக்கொண்டேதான் அனுப்பினார்கள். திட்டட்டும், அனுப்புகிறார்கள் அல்லவா. பஸ்ஸில் போரடித்து வந்தவர்கள், கட்டைவிரலால் தள்ளுகிறவர்கள், பெரியம்மாவுக்கும் கொழுந்தியாளுக்கும் குடியிருப்பு குரூப்புக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். சிவகாமி அம்மாவும் வந்திருந்தார், இப்பவாவது சொன்னீங்களே தம்பி என்று. அப்பா, வாங்க போலாம், பசிக்குது என்று ஜோவிட்டா சட்டையை இழுத்தாள். இருடா, இருடா.

போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுப்பதற்குள் நின்றுவிட்டது, உடனே ஒரு செய்தி. சார், முசிறி பக்கத்துலேர்ந்து. எங்க அக்கா இப்பத்தான் உங்க பதிவை அனுப்பிச்சு. நேத்து சாயங்காலம் ஒரு ஸ்பூன், காலைல ஒரு ஸ்பூன் குடுத்துட்டோம். போன்ல முதல்ல வந்ததைப் பாத்துத்தான் குடுத்தோம். புள்ள தூங்கிட்டே இருக்கு. ஒரு மணிநேரமாகவா, மூன்று மணிநேரமாகவா, எவ்வளவு நேரமாக என்று அதில் இல்லை. கூடவே ஒரு படம், மங்கலாக, நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டு. சிரப்பாக இருக்கட்டும். பெரிய பாட்டிலாக இருக்கட்டும். வட்டம் நின்று படம் தெளிந்தது. ஒரு பெண்ணின் உள்ளங்கையில் சின்ன பாட்டில், பக்கத்தில் கோடு போட்ட குழாய், குழாயின் மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தது. அவன் வரியை நம்பியதால் அது தேவைப்படவே இல்லை. அமலதாஸ் அந்த நம்பரை அழுத்தினான். மணி அடித்தது. அடித்தது. எடுங்க, எடுங்க, எடுங்க. ஆறாவது மணியில் ஹலோ என்று ஒரு ஆண் குரல், பதறிய குரல். நான் அமலதாஸ் பேசுறேன், புள்ளையை எழுப்புங்க, உடனே எழுப்புங்க என்று கத்தினான். குழாயடியில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள், பாத்திரம் ஒன்று உருண்டது, அப்புறம் சத்தமே இல்லை, அந்தச் சத்தமில்லாத நேரம் எவ்வளவு என்று அமலதாஸால் பின்னால் ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை. பிறகு கேட்டது. முதலில் ஒரு முனகல், அப்புறம் வீறிட்டு ஓர் அழுகை, தூக்கத்தைக் கெடுத்ததற்குக் கோபமாக, போன் பிளந்துவிடும் போல. "எந்திரிச்சிருச்சு சார், அழுவுது சார்" என்றான் அந்த மனிதன், அவனும் அழுதான். அழட்டும் என்றான் அமலதாஸ். அழட்டும், நல்லா அழட்டும். அழுதாலும் விட்றாதீங்க, நல்லா ஆயிருச்சுன்னு வீட்ல உக்காந்துறாதீங்க. பாட்டிலை எடுத்துக்கிட்டு இப்பவே கெளம்புங்க, வேற போன்லேர்ந்து நூத்தியெட்டுக்கு அடிங்க, இந்தப் போனைக் கட் பண்ணாதீங்க. எத்தனை மாசம்? எத்தனை கிலோ? எத்தனை மணிக்குக் குடுத்தீங்க? கேட்டுக்கொண்டே இருந்தான், ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. பெயர்கூட வந்தது, மகிழினி, பதினொரு மாதம். வண்டி வந்துவிட்டது, ஏறிவிட்டோம், முசிறி தாண்டிவிட்டோம் என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டே வந்தது. காதோடு ஒட்டியிருந்த போன் அதிர்ந்தது. இன்னொரு செய்தி, வேறு நம்பர். மறுபடியும் அதிர்ந்தது. ஜோவிட்டா ஒன்றும் கேட்காமல் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவனிடம் நீட்டினாள். அவன் குடிக்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் பிடிக்கச் சொன்னான், குழந்தை அதற்குள் அழுதுகொண்டேயிருந்தது. அவள் பிடித்திருந்த அதே திரையில் இரண்டாவது செய்தியைத் திறந்து எழுதத் தொடங்கினான். எந்த பாட்டில், போட்டோ அனுப்புங்க.